அரை மணியில் ஆறிய தடிமன்

1

போன வாரம் ஒரு படிவம் நிரப்பினேன். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொடுக்கவேண்டிய படிவம். கனடாவுக்கு வந்த புதிதில் இந்த மாதிரிக் காகிதங்களைக் கண்டாலே எனக்குக் கை வியர்க்கும். இப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டே நிரப்பிவிடுவேன். இந்தத் தடவை பதினோராவது கேள்வியில் பேனா நின்றது. ‘மருந்துப் பழக்கத்துக்கோ போதைப் பழக்கத்துக்கோ எப்போதாவது சிகிச்சை பெற்றிருக்கிறீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்ற கட்டத்தில் அடையாளம் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண், மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட.

“வசந்தி, பதினோராம் கேள்வியில் தவறுதலாக அடையாளம் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் சிக்கல்தான். உங்கள் மொழியில் விளக்க ஆள் வேண்டுமா?”

“எனக்கு ஆங்கிலம் விளங்கியது,” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “‘இல்லை’ என்றால் இன்றைக்கே முடிந்துவிடும். ‘ஆம்’ என்றால் மருத்துவர் கடிதம், மேலாளர் குறிப்பு, இன்னொரு படிவம் எல்லாம் வேண்டும்,” என்றாள்.

“அந்த இன்னொரு படிவத்தை அனுப்புங்கள்,” என்றேன்.

அதை நிரப்பி முடித்த கையோடு இதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிவத்துக்குச் சொன்னதை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் அர்த்தமில்லை. என் ஊர் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இரண்டு வருடம் கொழுந்து பறித்தேன். பிறகு ஹட்டனில் ஒரு துணிக்கடை. அதன்பிறகு குவைத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இந்த நாட்டுக்கு வர முடிந்தது. கணவர் ரவி இங்கே நீண்டதூர லொறி ஓட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் தர்ஷினிக்குப் பதினேழு வயது.

அக்காவைப் பற்றியும் எழுதுவேன். அவளிடம் கேட்டுவிட்டேன். “பேர மாத்தி எழுதட்டுமா?” என்று கேட்டதற்கு, “எதுக்கு மாத்துற? நான் என்ன களவா எடுத்தேன்?” என்றாள்.

2

நான்கு வருடத்துக்கு முன்பு, குளியலறையில் சரிந்த ஒரு உயரமான முதியவரைத் தூக்கப்போய் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆளைத் தூக்குவதற்கென்று இல்லத்தில் ஒரு இயந்திரம் உண்டு. அன்றைக்கு அது பழுது. அவரைத் தரையில் விட்டுவிட்டுக் காத்திருக்க மனம் வரவில்லை.

மருத்துவர் வலிமாத்திரை எழுதிக்கொடுத்தார். அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை என்று அப்போது எனக்குத் தெரியாது. பெயர் நீளமாக இருந்தது, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எழுதினார், கடையில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அபின் என்றால் எங்கோ இருட்டுச் சந்தில் விற்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் வாரம் வலி போனது. கூடவே வேறொன்றும் போனது. ஆங்கிலத்தில் தொலைபேசி வந்தால் வரும் படபடப்பு, மகள் பேசுவது பாதி புரியாத ஏக்கம், பனிக்காலத்தில் நாலு மணிக்கே வெளிச்சம் போகும்போது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பாரம், எல்லாம் கம்பளியால் மூடினதுபோல ஆகிவிட்டன. இடுப்புக்குத் தின்ற மாத்திரை மனசுக்கும் சுகமாக இருந்தது. அங்கேதான் நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. மருந்து நல்ல மருந்து என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆறு மணிக்குத் தின்ன வேண்டியதை ஐந்தேகாலுக்குத் தின்றேன். பிறகு நாலரைக்கு. மலச்சிக்கல் வந்தது, சாப்பாடு சரியில்லை என்றேன். கழுத்தும் மூக்கு நுனியும் அரித்தன, சோப்பை மாற்றினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சரிந்தது, வேலை கூட என்றேன். மருந்து தீர இன்னும் எத்தனை நாள் என்ற எண்ணம் ஒன்று மட்டும் எந்த நேரமும் விழித்துக்கொண்டே இருந்தது. மாத்திரைகளில் பாதியைப் பருப்பு டின்னில் ஒளித்துவைத்தேன். யாருக்கு ஒளித்தேன்? வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை. பிறகு இரண்டாவது மருத்துவரிடம் போனேன், முதலாமவரைப் பற்றிச் சொல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தீர்ந்துவிட்டது. கடை மறுநாள்தான் திறக்கும். காலையிலிருந்தே கொட்டாவிமேல் கொட்டாவி. மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வடிந்தது, கையில் மயிர் சிலிர்த்து நின்றது, கால் இரண்டும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. கடும் தடிமன் பிடித்துவிட்டது என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பின்னேரம் ரவியின் கோட்டுப் பைக்குள் ஒரு மாத்திரை அகப்பட்டது. அவருக்குக் கால் சுளுக்கியபோது நான் கொடுத்தது, அவர் தின்னாமல் விட்டது. தின்றேன். அரை மணியில் தடிமன் காணாமல் போய்விட்டது.

அரை மணியில் ஆறுகிற தடிமன் உலகத்தில் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கே எங்களைச் சுற்றி இருக்கும் தமிழர்களில் அநேகம் பேர் வடக்கைச் சேர்ந்தவர்கள். நல்லவர்கள், என் மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஆனால் “நீங்கள் எவடம்?” என்று கேட்டு நான் “ஹட்டன்” என்றதும், “ஓ, தோட்டப் பக்கமோ” என்று ஒரு நொடி இழுப்பார்கள். ஒரு கலியாண வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொன்னார்: “தோட்டத்துச் சனம் எண்டால் குடியும் வெறியும்தானே.” அந்த வாசகத்துக்கு நானே சாட்சியாகிவிடக் கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். அந்தப் பூட்டு ஒன்றரை வருடம் கிடந்தது. இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. அவர் வாய்க்குப் பயந்து நான் சாகத் தயாராக இருந்திருக்கிறேன்.

3

தர்ஷினி என்னுடன் பேசுவது குறைந்திருந்த காலம் அது. கேட்டால் ஒரு சொல்லில் பதில், அதுவும் ஆங்கிலத்தில். பிள்ளை விலகிப் போகிறாள் என்று ஊரில் இருப்பவர்களிடம் குறைப்பட்டுக்கொள்வேன். அவள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாள் பின்னேரம், சோற்றில் கை வைத்தபடியே உறங்கிவிட்டேன். முகத்தில் வெளிச்சம் பட்டு விழித்தேன். அவள் தொலைபேசி விளக்கை என் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“அம்மா, கண்ணைத் திறவுங்கோ,” என்றாள். சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்ட தமிழ். என் பேச்சு அவளுக்கு வரவில்லை.

“என்னடி செய்ற?”

“உங்கட கண்ணுக்குள்ள இருக்கிற கறுப்பு, ஊசிமுனை மாதிரி இருக்கு. வெளிச்சம் எடுத்தாலும் பெருக்கேல்ல.” பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாளை மேசையில் வைத்தாள். பெரிய பட்டியல். அதில் பாதிக்கு மேல் பென்சிலால் சரி போட்டிருந்தாள். உறக்கம், அரிப்பு, பொய், ஒளித்துவைத்தல். பருப்பு டின்னைக்கூட அவள் பார்த்திருக்கிறாள். கடைசியில், சொல்லத் தெரியாத ஒரு சொல்லைத் தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“நீங்கள் அடிமை, அம்மா.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

“யாருடி அடிம? யாரப் பாத்துச் சொல்ற? ஒங்க பாட்டனுக்குப் பாட்டன் மன்னார்ல இருந்து மலைக்குக் காட்டு வழியா நடந்து வந்தான். வழியில செத்தவங்கள அங்கயே போட்டுட்டு வந்தாங்க. அப்பறம் நூறு வருசம் அந்த மாதிரிதான் நடத்துனாங்க. அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாத.”

பிள்ளை அழுதாள். “எனக்கு வேற சொல்லுத் தெரியாது அம்மா.”

அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதுகிறேன். அடிக்கவில்லை. மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் அந்தச் சொல் என்னுடனேயே இருந்தது. அவள் சொன்னதால் வந்த கோபம் மெல்ல மெல்ல மாத்திரைமேல் திரும்பியது. எங்கள் ஆட்கள் அத்தனை பாடுபட்டு அறுத்தெறிந்த ஒன்றை, ஒரு வெள்ளை வில்லை என் கழுத்தில் மாட்டிவிட்டதா? நாலாம் நாள் பருப்பு டின்னை எடுத்து மகள் முன்னால் வைத்தேன். ரவி வந்ததும் அவரிடமும் சொன்னேன்.

“வீட்டுக்கு வாரப்பல்லாம் நீ தூங்கிக்கிட்டிருப்ப. களைப்புன்னு நெனச்சேன். எழுப்பாம சமைச்சு வச்சிட்டுப் போயிருவேன்,” என்றார்.

சிகிச்சைக்குப் போனேன். நாக்கின் கீழ் கரையும் ஒரு மருந்தில் தொடங்கி, இப்போது மாதத்துக்கு ஒரு ஊசி. “இன்னும் மருந்தில்தானா?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம், இன்னும் மருந்தில்தான். இன்சுலின் போடும் சீனி வருத்தக்காரரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

4

அக்கா சரோஜாவுக்கு ஐம்பத்தொரு வயது. அம்மா இறந்தபோது எனக்குப் பத்து வயது, அவளுக்கு இருபது. அதிலிருந்து அவள்தான் எனக்குச் சோறு போட்டவள். இன்னும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறாள், இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நான் வேலைக்குப் புறப்படும் முன்பு, எனக்குக் காலை, அவளுக்கு அந்தி, வீடியோவில் பேசுவோம். அவள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய ரப்பர் சீட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்காருவாள்.

போன வருடம் ஒரு நாள், பக்கத்து லயத்துக் கலியாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். இணைப்புத்தான் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை, பின்னால் கோழி நடந்துகொண்டிருந்தது. அக்காவின் தலை மெல்ல முன்னால் சரிந்தது. பிறகு திடீரென்று நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள். கை கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வேறு மாதிரி. கொட்டாவி விட்டாள், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், கண் கலங்கி இருந்தது. “தடிமன்டி,” என்றாள். “கொஞ்சம் இரு,” என்று உள்ளே போய்விட்டு வந்தாள். நான் வைக்கவில்லை, வேண்டுமென்றே பேச்சை வளர்த்தேன். முக்கால் மணி நேரத்தில் தடிமன் போய், சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

அந்தத் தடிமனை எனக்குத் தெரியும்.

“அக்கா, என்ன குளிச திங்கிற?”

“முதுகு வலிக்குத்தான். டவுன்ல ஒரு கடையில குடுக்குறாங்க. செவப்பும் மஞ்சளுமா ஒரு கெப்சூலு. நல்லா வேல செய்யுது.”

“டாக்டர் துண்டு இல்லாமயா?”

“துண்டு எதுக்கு? மலையில பாதிப் பேரு திங்கிறதுதான்.”

“ஒரு நாளைக்கு எத்தன?”

“என்னடி நீ, பொலிஸு மாதிரி கேக்குற?”

மகள் எனக்குச் சொன்ன சொல்லை நான் சொல்லவில்லை. என் கதையைச் சொன்னேன். பருப்பு டின், இரண்டு மருத்துவர், ஞாயிற்றுக்கிழமைத் தடிமன், எல்லாம். அக்காவுக்கு நான் அதுவரை சொல்லாதது. அவள் கண் கொட்டாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒனக்கு அங்க என்னடி வலி?”

அழைப்பை நிறுத்திவிட்டாள். அதன்பிறகு ஒன்பது நாள் எடுக்கவில்லை.

அவள் கேட்டது நியாயம். மழையில் சரிவில் நின்று, நெற்றியில் கயிறு அழுத்த, கிலோக் கணக்கு வரும்வரை குனிந்து குனிந்து பறிக்கிறவளுக்கு, சூடாக்கிய அறையில் வேலை செய்கிற தங்கையின் வலி வலியாகத் தெரியாது. ஆனால் மாத்திரைக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது. அது எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் பிடித்தது.

5

பத்தாம் நாள் அக்காவின் கணவர், முத்தையா மச்சான் கூப்பிட்டார். அக்கா மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்துவிட்டாளாம். கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளி. தேயிலைச் செடிகள் தடுத்ததால் உருளாமல் தப்பினாள். ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கெப்சூல் தின்றதை இவள் சொல்லவில்லை. அந்த வகைக் கெப்சூல் கூடினால் வலிப்பு வரும் என்பது லயத்தில் யாருக்கும் தெரியவில்லை. காளி இறங்கியிருக்கிறாள் என்றார்கள் சிலர்.

நான் லீவு கேட்டேன். அவசர லீவுப் பட்டியலில் பெற்றோர், கணவன், பிள்ளை என்று இருந்தது. சகோதரி இல்லை.

“எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள். அவளை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்?” என்று மேலாளரிடம் கேட்டேன். அப்படி ஒரு கட்டம் இல்லை என்றார். சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். அக்கா வீட்டுக் காம்பரா வாசலில் ஐந்தாறு பெண்கள். உள்ளே அக்கா சாக்குக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உடம்பு நடுங்கியது, வியர்த்தது, கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன. பக்கத்தில் வாந்தி எடுத்த பாத்திரம். நெற்றியில் விபூதி.

மச்சான் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார். “குளிச டப்பாவக் கண்டுபிடிச்சு, முந்தாநாளு சாக்கடக் கான்ல கொட்டிட்டேன் வசந்தி. இனிமே தொடமாட்டா. ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். அதுதான் ஆபத்து என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

“பழகின ஒடம்புக்கு ஒரேயடியா நிறுத்தக்கூடாது மச்சான். மறுபடி வலிப்பு வரும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். போத கிளினிக் இருக்கிற எடத்துக்கு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “மெதுவா பேசு. பொம்பளைக்குப் போத கிளினிக்கா? ரெண்டு பொண்ணுகளக் கட்டிக் குடுத்திருக்கோம். சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க? ஊரு சிரிக்கும்.”

நான் மெதுவாகப் பேசவில்லை. வாசலில் நின்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே பேசினேன்.

“சிரிக்கட்டும் மச்சான். நீங்க ஞாயித்துக்கெழம தண்ணி போட்டுட்டு கோயில் வாசல்ல விழுந்தப்ப, இவதான் தூக்கிட்டு வந்தா. அப்ப ஊரு சிரிக்கல, ஆம்பளன்னு விட்டாங்க. இவ இருபத்தஞ்சு வருசம் முதுகு வலியோட மலையேறுனா. அந்த வலிக்குத் தின்னது. இதுக்கு எதுக்கு வெக்கப்படணும்? இவ செத்தா எல்லாரும் வருவாங்க. அப்ப என்ன காரணம் சொல்லுவீங்க? காளின்னா?”

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “சண்ட போடாதீங்க. நான் போறேன்.”

மச்சான் ஆணியில் கிடந்த அக்காவின் சால்வையை எடுத்து உதறி, உள்ளே போய் அவளுக்குப் போர்த்திவிட்டு, ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு இறங்கினார்.

6

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று. பெயர் வேண்டாம். நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தனை பேரும் ஆண்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் எழுந்து அக்காவுக்குச் சாய்ந்துகொள்ள இடம் விட்டார்.

பதிவு எழுதுகிறவர் ஒரு படிவத்தை நீட்டினார். சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்தது. அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நடுங்கும் கையில் அதை வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“‘போதைக்கு அடிமையான காலம்’னு போட்டிருக்கு,” என்றாள். “இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

என் மகள் விஷயம் அவளுக்குத் தெரியாது. அந்தச் சொல்லைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

“அது அச்சடிச்சு வந்த போம் அம்மா. மாத்த ஏலாது,” என்றார் எழுதுகிறவர்.

“அப்ப நான் இப்படியே இருந்துக்கிறேன். எங்க ஆளுங்கள ரொம்பக் காலம் அப்படித்தான் வச்சிருந்தாங்க. நான் வலிக்கு மருந்து தின்னேன். நோயாளின்னு எழுதுங்க, போடுறேன்.”

சத்தம் கேட்டு வைத்தியர் வெளியே வந்தார். சிங்களப் பெண், முப்பது வயதிருக்கலாம். என்ன பிரச்சினை என்று கேட்டார். ஹட்டன் துணிக்கடையில் பழகிய என் பழைய சிங்களத்தைக் கூட்டி விளக்கினேன். சிங்கள வரியில் இருந்த சொல் வேறு. அது பழக்கத்துக்கு ஆளானதைத்தான் சொன்னது. தமிழில் எழுதியவர் கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிட்டார். அந்தத் தமிழ்ச் சொல்லுக்குச் சிங்களத்தில் என்ன என்று வைத்தியர் கேட்டார். “வஹலா,” என்றேன். அவர் புருவம் சுருங்கியது. பேனாவை எடுத்து அந்தச் சொல்லைக் குறுக்கே வெட்டினார். மேலே என்ன எழுத வேண்டும் என்று கேட்டு, நான் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, சின்னப் பிள்ளைபோலக் கோணல்மாணலாக எழுதினார்: நோய்.

அக்கா கையெழுத்துப் போட்டாள்.

பிறகு வைத்தியர் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, “கொந்த ரிதெனவாத?” என்று கேட்டார். முதுகு வலிக்கிறதா என்று.

வாந்திக்கும் நடுக்கத்துக்கும் அழாதவள் அதற்கு அழுதாள். முதலில் முதுகைப் பற்றிக் கேட்ட ஆள் அவர்தான்.

பதினாறு நாள் அங்கே வைத்திருந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்தார்கள். வலிப்புக்கு மருந்து. முதுகுக்கு வேறு மாத்திரை, பயிற்சி, இடுப்புப் பட்டி. மச்சான் ஒரு நாள் விடாமல் சோறு கொண்டுவந்தார். நான்காம் நாள் அவராகவே வைத்தியரிடம், குடிப் பழக்கத்துக்கும் இங்கே மருந்து உண்டா என்று கேட்டார். கேட்டாரே தவிர, இன்னும் போகவில்லை. அதையும் எழுதச் சொன்னவள் அக்கா.

7

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். கடும் மழை பெய்த ஒரு மாதத்தில் அக்கா மறுபடி இரண்டு கெப்சூல் தின்றாள். மறுநாள் அவளாகவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், கிளினிக்கிலும் சொன்னாள். வலி இன்னும் இருக்கிறது. கூடையின் கனம் குறையவில்லை. துண்டு கேட்காமல் கொடுத்த அந்தக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது என்கிறாள்.

இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் தலை சரிந்து உறங்கினால், சொறிந்துகொண்டே இருந்தால், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், வலி ஆறிய பிறகும் வலிமாத்திரையைத் தேடினால், மாத்திரைத் தட்டை ஒளித்தால், மாத்திரை இல்லாத நாளில் தடிமன்போல வந்து தின்றதும் அது பறந்தால், உட்கார வைத்துப் பேசுங்கள். டப்பாவைக் கானில் கொட்டாதீர்கள். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு விட்டுவிட்டு வந்து, உதடு நீலம் பாய்ந்தால், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன தின்றார் என்பதைச் சொல்லுங்கள். இளம் பையன்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கூடை சுமக்கிற ஐம்பது வயதுப் பெண்ணையும் பாருங்கள்.

அக்கா வேலைக்குத் திரும்பிய வாரம் நடந்ததை அவளே சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கங்காணி இவளைப் பார்த்து, “என்ன, குளிசைக்காரி வந்துட்டாளா?” என்றாராம். சிலர் சிரித்தார்களாம்.

“நான் கூடைய எறக்கி அவருக்கு முன்னால வச்சேன்டி. ஆமாங்க, குளிச தின்னேன், இப்ப வைத்தியம் பாக்குறேன்னேன். இந்தக் கூடைய மாட்டிக்கிட்டு அந்த மேட்டுல ஒரு தடவ ஏறி எறங்கிட்டு வாங்க, அப்பறம் பேரு வைங்கன்னேன். மனுசன் கூடையத் தொடவே இல்ல. தராசப் பாத்துக்கிட்டு, சரி சரி, நிறுங்கன்னாரு.”

அன்றைக்கு அந்தியில் பார்வதி என்ற பெண் அவள் வீட்டுக்கு வந்தாளாம். சேலை முந்தானையில் முடிந்துவைத்திருந்த கெப்சூல் தட்டைக் காட்டி, “அக்கா, எனக்கும் இதுதான்,” என்றாளாம். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர்.

நேற்றுக் காலை கூப்பிட்டேன். அக்கா அவசரத்தில் இருந்தாள். பேசிக்கொண்டே சால்வையைத் தேடினாள். பின்னால் மச்சான் எங்கே இருக்கிறதென்று சொல்லும் சத்தம் கேட்டது.

“அப்பறமா பேசுறேன்டி. பார்வதிய வார்ட்டுல சேத்துருக்கு, பாக்க போறேன். மொதல் ரெண்டு மூணு நாளு ரொம்பக் கஷ்டம், ஆளு கூட இருக்கணும்.”

“நீ போய் என்னக்கா செய்வ?”

“ஒண்ணுஞ் செய்ய வேணாம். பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, முதுகு வலிக்குதாடின்னு கேப்பேன்,” என்றாள். பஸ் வந்துவிட்டதென்று வைத்துவிட்டாள்.